எல்லைக் கடலின் வண்ண மீன்கள்: கைக் காமிரா போதும், கவனம் வேண்டும்

பாறசாலைச் சந்தையிலும் நெய்யாற்றின்கரைக் கடைவீதியிலும் மீன் வாங்கப் போகும் தமிழ் அன்பர்களுக்குக் கிளாத்தி மீன் புதியதல்ல. தடித்த தோல், கறுத்த உடல், சிறிய வாய். பார்த்தவுடன் வாங்கத் தூண்டும் தோற்றம் அதற்குக் கிடையாது. மற்ற மீன்களின் விலை ஏறிய நாளில்தான் பலருடைய கண் அதன் மேல் விழும்.

அதே மீன் உயிரோடு கடலுக்குள் இருக்கும்போது பார்த்தவர்கள் அதன் கோலத்தை மறக்கமாட்டார்கள். உடல் முழுவதும் ஊதா கலந்த நீலம். வாலின் இரு நுனிகளும் நீண்டு வளைந்திருக்கும். பற்கள் சிவப்பு. கடலடிப் பாறைத் திட்டுக்கு மேலே கூட்டம் கூட்டமாக, காற்றில் நிற்கும் பட்டங்களைப் போல அது மிதந்துகொண்டிருக்கும். உயிர் போனதும் அந்த நிறமும் போய்விடுகிறது. சந்தைக் கூடைக்கு வந்து சேர்வது கறுத்த உடல்தான்.

இந்த வண்ணங்களை இதுவரை நேரில் கண்டவர்கள் பெரும்பாலும் சிப்பி எடுக்க மூழ்கும் தொழிலாளிகளே. இப்போது நிலைமை மாறியிருக்கிறது. முகக் கண்ணாடி ஒன்று, மூச்சுக்குழல் ஒன்று, நீர் புகாத எளிய காமிரா அல்லது உறையிட்ட செல்போன் ஒன்று இருந்தால், ஆழம் குறைந்த பாறையோரத்தில் மிதந்தபடியே பார் மீன்களைப் படம் பிடித்துவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் செய்யக்கூடிய காரியம் இது. ஆனால் இடமும் மாதமும் தெரியாமல் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

எல்லை கரையோடு சரி

1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. தரையில் களியக்காவிளையும் இஞ்சிவிளையும் எல்லை காட்டுகின்றன. கடற்கரையில் கேரளத்தின் கடைசி மீனவ ஊர் பொழியூர். அதைத் தாண்டினால் குமரி மாவட்டத்து நீரோடி.

கடலுக்கு அடியில் அப்படி ஒரு கோடு கிடையாது. கொல்லம் முதல் குமரி மாவட்டத்து இனயம் வரை ஆங்காங்கே பவளத் திட்டுகள் இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவிலோ லட்சத்தீவிலோ இருப்பது போன்ற பெரிய பவளப்பாறைகள் இவை அல்ல. பாறைத் திட்டுகளின் மேல் பவளமும் கடற்பஞ்சும் சிப்பியும் ஒட்டி வளர்ந்தவை. இத்தகைய திட்டைக் கடலோர மக்கள் ‘பார்’ என்பார்கள். தமிழில் முத்துக் குளித்த இடத்தை முத்துப்பார் என்று சொன்னோமே, அதே சொல்தான். கரையிலுள்ள மலை, கோயில், தென்னந்தோப்பு ஆகியவற்றை நேர்கோட்டில் வைத்துப் பார்த்து, நடுக்கடலில் பார் இருக்கும் இடத்தை மீனவர்கள் கண்டுபிடிப்பார்கள். இந்த முறைக்குத் திருவனந்தபுரம் கரையில் ‘கணிச்சம்’ என்று பெயர். மலையாளம் பேசுகிறவரும் தமிழ் பேசுகிறவரும் வள்ளம், வலை, சிப்பி, பார் என்று ஒரே சொற்களைத்தான் கடலில் பயன்படுத்துகிறார்கள்.

இறங்கத் தகாத இடங்கள்

பாறசாலையிலிருந்து அருகில் இருப்பது பொழியூர், பூவாறு கடற்கரைதானே என்று சிலர் நினைக்கலாம். அங்கே இந்த ஆசையோடு இறங்கவே கூடாது. நெய்யாறு கடலில் கலக்கும் இடம் பூவாறு. அங்கே மணல் திட்டு உடைந்து பொழிமுகம் திறக்கும்போது ஆற்று நீர் ஆளை இழுத்துச் செல்லும். கரை செங்குத்தாகச் சரிகிறது, அலை ஓங்கி அடிக்கிறது, மணல் கலங்கிக்கொண்டே இருக்கிறது. படமும் விழாது, உயிருக்கும் உத்தரவாதம் இல்லை.

பாறை வேண்டுமானால் அதே தாலுகாவின் வடகோடிக்குப் போக வேண்டும். ஆய் மன்னர்களின் பழைய துறைமுகமான விழிஞமும் அதையொட்டிய கோவளமும் நெய்யாற்றின்கரை தாலுகாவைச் சேர்ந்தவையே. முல்லூர், விழிஞம், கோவளம் பகுதிகளில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைகள் உண்டு. தமிழகப் பக்கத்தில் இனயம், குளச்சல், கடியபட்டணம் பாறைகள் பெயர் பெற்றவை. இங்கெல்லாம் பழுப்புச் சிப்பி எடுக்கும் தொழில் நெடுங்காலமாக நடக்கிறது. இடுப்பில் வலைப்பை, கையில் இரும்பு உளி, கண்ணில் கண்ணாடி, இவ்வளவுதான் அந்தத் தொழிலாளியின் சாமான்.

புதிதாக இறங்குகிறவருக்கு அவரைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. எந்தப் பாறையின் எந்தப் பக்கம் நீரோட்டம் இழுக்கும், எங்கே ஏறினால் கால் வழுக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். “வெள்ளம் தெளிஞ்ஞோ, சேட்டா?” என்று முதலில் அவரைக் கேட்பது நலம். தமிழில் வெள்ளம் என்றால் பெருக்கு. இங்கே வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். அவர் ‘இன்று வேண்டாம்’ என்றால் அன்றைய திட்டத்தை அதோடு விட்டுவிட வேண்டும். அவர் கூட வந்தால் அரை நாள் கூலியைக் கொடுப்பது நியாயம். துறைமுக எல்லைக்குள்ளும், மீன்பிடிப் படகுகள் போய்வரும் வாயிலிலும் இறங்கக்கூடாது. கோவளத்தில் உயிர்காப்பாளர் சிவப்புக் கொடி நட்டிருந்தால் அதற்கு மேல் பேச்சில்லை.

எந்த மாதம், எந்த நேரம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலம். கடல் கொந்தளிக்கும், நீர் கலங்கும். அந்த நான்கு மாதமும் காமிராவைப் பெட்டியில் வைத்துவிடலாம். மார்கழி, தை, மாசி மாதங்களில் கடல் பெரும்பாலும் அடங்கி, நீர் தெளிந்திருக்கும். அப்போதும் புயல் எச்சரிக்கையைக் கேட்காமல் இறங்கக்கூடாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரி, திருவனந்தபுரம் மீனவர்களைக் கொண்டுபோனது இந்தக் கரை மறக்க முடியாத துயரம்.

சித்திரை, வைகாசியில் வேறொரு ஆபத்து உண்டு. வானம் தெளிந்து, காற்றும் இல்லாமல் இருக்கும்போதே பேரலை வந்து கரையேறும். திருடனைப் போல் சொல்லாமல் வருவதால் மீனவர்கள் இதைக் ‘கள்ளக்கடல்’ என்றார்கள். தெற்கே வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடிக்கும் புயற்காற்று எழுப்பும் அலைகளே பல நாள் பயணம் செய்து இங்கே வந்து மோதுகின்றன. மீனவர் வைத்த இந்தப் பெயரையே 2012-ல் யுனெஸ்கோ அறிவியல் சொல்லாக ஏற்றது. ஹைதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்னறிவிப்புக் கொடுக்கிறது. 2024 மே 6-ந் தேதி குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி மாண்டது இத்தகைய எச்சரிக்கை நாளில்தான்.

நல்ல நாளில் காலை ஒன்பது மணியிலிருந்து பதினோரு மணி வரை ஏற்ற நேரம். சூரியன் உயர்ந்து ஒளி உள்ளே இறங்கும். கடற்காற்று இன்னும் வலுத்திருக்காது.

எந்தக் காமிரா?

ஒரு காலத்தில் நம் வீடுகளில் இருந்த ஆக்பா கிளிக் 3 காமிரா பலருக்கு நினைவிருக்கும். வெயிலா, மேகமா என்று பார்த்துக்கொண்டால் போதும், மற்றதை அது கவனித்துக்கொள்ளும். நீருக்குள்ளும் இத்தகைய எளிய காமிராவே நல்லது. அலை ஆட்டும்போது சக்கரம் திருகிக்கொண்டிருக்க முடியாது.

நீர் புகாதபடியே செய்யப்பட்ட சிறு காமிரா இருந்தால் சிறப்பு. இல்லாவிட்டால் செல்போனை நீர் புகாத உறையில் இட்டு இறக்கலாம். போன் நீர் தாங்கும் என்று விளம்பரத்தில் இருந்தாலும் உறையில்லாமல் கடலில் இறக்கக்கூடாது. அந்தச் சோதனை நன்னீரில் செய்தது. உப்புநீர் உலோகத்தை அரிக்கும். புது உறையை வாங்கியதும் உள்ளே ஒரு காகிதத்தையும் சிறு கல்லையும் போட்டு, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி வைத்துப் பார்க்கவேண்டும். காகிதம் நனையாமல் இருந்தால்தான் போனுக்கு இடம்.

இன்னொரு சிக்கல்: தண்ணீருக்குள் போனின் தொடுதிரை வேலை செய்யாது. நீரும் மின்சாரத்தைக் கடத்துவதால் விரல் எது, தண்ணீர் எது என்று திரைக்குத் தெரிவதில்லை. ஆகையால் கரையிலேயே காமிராவைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே போனதும் ஓசை கூட்டும் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் படம் எடுக்க வேண்டும். பெரும்பாலான போன்களில் இது நடக்கும். வெளியே வந்ததும் உறையோடு நன்னீரில் கழுவி, துடைத்து உலர்த்திய பிறகே திறக்கவேண்டும்.

தண்ணீர் செய்யும் மாயம்

கண்ணாடியின் வழியாக நீருக்குள் பார்க்கும்போது எல்லாப் பொருளும் உண்மையான தூரத்தில் முக்கால் பங்கில் இருப்பதாகத் தெரியும். மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். கை எட்டும் என்று தோன்றும் மீன் எட்டாது. காமிராவின் கண்ணும் இப்படியே ஏமாறுகிறது. குவியம் மாற்ற முடியாத எளிய காமிராக்களில் மீனுக்கும் காமிராவுக்கும் ஒரு மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை இடைவெளி இருந்தால் படம் தெளிவாக விழும். தானே குவியம் பிடிக்கும் செல்போனில் அரை மீட்டர் வரை நெருங்கலாம். இரண்டு மீட்டருக்கு அப்பால் உள்ள மீனைப் படமெடுத்தால் பெரும்பாலும் நீலப் புகையும் ஒரு நிழலும்தான் மிஞ்சும்.

அடுத்தது நிறம். வெயிலில் உள்ள சிவப்பைத் தண்ணீர் முதலில் விழுங்கும். ஐந்து மீட்டர் ஆழத்துக்குள்ளேயே சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிடும். மேற்பரப்பிலிருந்து மீன் வரை ஒளி வரும் தூரம், மீனிலிருந்து காமிரா வரை திரும்பும் தூரம், இரண்டையும் கூட்டித்தான் கணக்கு. ஆகவே ஓரிரு மீட்டர் ஆழத்துக்குள் இருக்கும் மீனை, அருகில் இருந்து, சூரியன் முதுகுப்புறம் இருக்க எடுத்தால் நிறம் தப்பும். விளக்கைப் போடக்கூடாது. நீரில் மிதக்கும் தூசியெல்லாம் பனி பெய்தது போல் படத்தில் விழும். மேலிருந்து கீழாக எடுத்தால் மீனின் முதுகும் பாறையும் ஒன்றாகிவிடும். மீனின் மட்டத்துக்கு வந்து பக்கவாட்டில் எடுத்தால் கோடும் புள்ளியும் தெரியும்; மீன் இன்னதென்று பிறகு கண்டுபிடிக்கவும் உதவும்.

துரத்தினால் ஓடும்

மீன் படம் எடுப்பதில் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு துரத்துவது. துரத்தினால் வால்தான் படத்தில் விழும். பாறையிலிருந்து சற்று விலகி, கை கால் ஆட்டாமல் மிதந்தால் சில நிமிடத்தில் மீன்கள் பழையபடி மேய வரும்.

முதலில் வருவது பெரும்பாலும் மஞ்சள் முதுகில் ஐந்து கறுப்புப் பட்டை போட்ட சிறு மீன். சிப்பாயின் பட்டைச் சின்னம் போல் இருப்பதால் ஆங்கிலத்தில் இதற்கு சார்ஜென்ட் மேஜர் என்று பெயர். இதன் ஆண் மீன் பாறையில் ஒட்டிய முட்டைகளைக் காவல் காக்கும். அந்த நாட்களில் உடல் நீலமாக மாறும். பாறை இடுக்கில் பட்டாம்பூச்சி மீன் இணையாகத் திரியும். பச்சையும் நீலமுமாகப் பிறை வால் கொண்ட மீன் பெண்ணாக முதிர்ந்து, பிறகு ஆணாக மாறக்கூடியது. கிளியின் அலகு போல் வாய் கொண்ட கிளிமீன் பாறையைக் கொறிக்கும் ஓசை தண்ணீருக்குள் காதில் விழும்.

தொடக்கூடாதவையும் அங்கே உண்டு. பொந்துக்குள் வாய் திறந்து மூடும் அஞ்சாளை கையை நீட்டினால் கடிக்கும். சிங்க மீனின் தோகை முட்களில் நஞ்சு இருக்கிறது. கல்லோடு கல்லாகக் கிடக்கும் கல்மீனின் நஞ்சு அதைவிடக் கொடியது. ஆகையால் பாறையில் கால் ஊன்றுவதும் கை ஊன்றுவதும் கூடாது. பவளத்துக்கும் அதுவே நல்லது. மிதித்தால் பல ஆண்டு வளர்ச்சி ஒரு நொடியில் போய்விடும். 2001 முதல் பவளமும் கடற்குதிரையும் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஞாபகார்த்தமாக ஒரு துண்டை ஒடித்துக்கொண்டு வந்தாலும் குற்றமே.

தனியாக இறங்கக்கூடாது என்பது முதல் விதி. மூழ்குவதற்கு முன் வேக வேகமாக மூச்சு வாங்கிவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது நீருக்குள் நினைவிழக்கச் செய்து ஆளைக் கொல்லும். மூச்சுக்குழல் சிறிதாக இருக்கிறதே என்று பிளம்பிங் குழாயை இணைத்து நீளமாக்குவதும் கூடாது. அரை மீட்டர் ஆழத்துக்குக் கீழே தண்ணீரின் அழுத்தத்தை மீறி நெஞ்சு விரியச் சிரமப்படும். விட்ட மூச்சே திரும்ப உள்ளே வரும். நீச்சல் தெரியாதவர்கள் குழலை நம்பி இறங்கவே வேண்டாம்.

நூறாண்டுக்கு முன்

இன்று பொத்தானை அழுத்தினால் நடக்கும் காரியத்துக்கு முன்னோர் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1856-ல் இங்கிலாந்தில் வில்லியம் தாம்ப்சன் என்பவர் காமிராவை ஒரு பெட்டியில் வைத்துக் கடலில் இறக்கிப் படமெடுத்தார். 1893-ல் பிரான்சின் தென்கரையில் லூயி பூட்டான் என்ற உயிரியல் அறிஞர் தாமே நீருக்குள் இறங்கினார். சில படங்களுக்கு அரை மணி நேரம் வரை ஒளி விழவேண்டியிருந்ததாம். 1926-ல் அமெரிக்காவின் புளோரிடா கடலில் லாங்லி, மார்ட்டின் என்ற இருவர் மிதவையின் மேல் மக்னீசியப் பொடியைக் கொளுத்தி, அந்த வெளிச்சத்தில் பார் மீன் ஒன்றை வண்ணத்தில் எடுத்தனர். கடலுக்குள் எடுத்த முதல் வண்ணப் படங்கள் அவை. மறு ஆண்டு ஜனவரியில் ‘நேஷனல் ஜியாகிரபிக்’ இதழ் அவற்றை வெளியிட்டது.

நம் கரையிலும் இந்த வேலையைச் செய்தவர்கள் உண்டு. மீனவ சமூகத்தில் பிறந்த ராபர்ட் பனிப்பிள்ளையும் அவர் தொடங்கிய ‘பிரண்ட்ஸ் ஆப் மரைன் லைப்’ என்ற அமைப்பும் திருவனந்தபுரம் கடலடிப் பார்களைப் படமெடுத்துப் பதிவு செய்திருக்கின்றனர். பாரில் சிக்கிக் கிடக்கும் பழைய வலைகளையும் பிளாஸ்டிக் குப்பைகளையும் அவர்களுடைய காமிரா வெளியுலகுக்குக் காட்டியது.

தேதி போட்ட படம் ஒரு சாட்சி

இதனால் நமக்கு என்ன என்று கேட்கலாம். இந்தக் கரையின் கடல் வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது. 2015 டிசம்பரில் வேலை தொடங்கிய விழிஞம் துறைமுகம் 2025 மே 2-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதே மாதம் 25-ந் தேதி, விழிஞத்திலிருந்து கொச்சிக்குச் சென்ற எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் 640 கொள்கலன்களோடு கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் திருவனந்தபுரம் கரையைத் தாண்டிக் குமரி மாவட்டக் கரை வரை ஒதுங்கின. இன்னொரு பக்கம் பொழியூர் முதல் வர்க்கலை வரை 42 மீனவ ஊர்களுக்கு, ஊருக்கு 150 வீதம் 6,300 கான்கிரீட் அமைப்புகளைக் கடலில் இறக்கிச் செயற்கைப் பார் அமைக்கும் திட்டம் 13 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் வந்தது. 1980-களிலேயே திருவனந்தபுரம் மீனவர்கள் கல்லும் டயரும் கிணற்று உறையும் இறக்கித் தாங்களே பார் கட்டியவர்கள்தாம்.

இந்த மாற்றங்களால் மீன் கூடியதா, குறைந்ததா? எந்த மீன் போயிற்று, எது புதிதாக வந்தது? முன்பு என்ன இருந்தது என்பதற்குச் சான்று இருந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். சிப்பித் தொழிலாளிக்கு அது தெரியும். ஆனால் நஷ்ட ஈடு கேட்டு அலுவலகப் படி ஏறும்போது அவர் வாய்மொழியை யாரும் காகிதத்தில் ஏற்றுவதில்லை. தேதியும் இடமும் குறித்த படம் கையில் இருந்தால் அவர் சொல்லுக்குத் துணை கிடைக்கிறது.

ஆகவே எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் தேதி, நேரம், பாறையின் பெயர், ஏறத்தாழ ஆழம் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கவேண்டும். குமாஸ்தா வேலை பார்க்கும் அன்பர்களுக்கு இது கைவந்த பழக்கம். மீனின் பெயரைக் கரையில் உள்ள மூத்தவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்ன பெயரையே குறித்துக்கொள்ளலாம். அறிவியல் பெயர் தெரிய, படங்களைப் பார்த்து உயிரினத்தை அடையாளம் காட்டும் ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையச் சேவை இருக்கிறது. விழிஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும் இருக்கிறது. நல்ல படம் விழுந்தால் ஒரு பிரதியைக் கூட வந்த சிப்பித் தொழிலாளிக்குக் கொடுப்பது மரியாதை. அவர் வீட்டார் பலர் அந்தக் கடலடியை ஒருமுறைகூடப் பார்த்திருக்கமாட்டார்கள்.